தோப்புக்கு ஓர் ஓடிபி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வீட்டிலிருந்து. பெயரை மாற்றினால் எழுதிக்கொள்ளலாம் என்று மனைவி அனுமதித்திருக்கிறாள். ஆகவே நான் பீட்டர், அவள் ஷர்லி. ஷர்லி புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் வேலை பார்த்த கம்பெனி போன மாதம் ஆட்குறைப்புச் செய்தது. குறைந்தவர்களில் நானும் ஒருவன்.

தொடக்கம் ஒன்று: 'ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்தது. காலை வெயிலில் ஓலைகள்…' (வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: 'உலகம் போகிற போக்கைப் பற்றிப் பீட்டர் ஆழ்ந்து யோசித்தான்.' (எங்கே யோசித்தான்? செய்தி பார்த்துப் பார்த்துப் பயந்தான். அப்படியே போடுகிறேன்.)

2

பயந்தான். பங்குச்சந்தை விழுகிறது, தங்கம் ஏறுகிறது, எந்தக் கம்பெனி எப்போது கதவைச் சாத்தும் என்று தெரியவில்லை. ஷர்லியின் பி.எஃப். பணமோ திரையில் தெரியும் வெறும் எண். அவள் ஓய்வுபெறும்போது அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு இருக்குமோ? தோப்பு அப்படியல்ல. போய் நிற்கலாம், மரத்தில் கை வைக்கலாம், விழுந்த தேங்காயைப் பொறுக்கி வரலாம். [புயலில் இதே பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். சொன்னால் பீட்டரின் வாதம் படுத்துவிடும். அடைப்புக்குறிக்குள்ளேயே கிடக்கட்டும்.]

அந்தப் பி.எஃப். பணத்தை எடுத்துத் தோப்பை வாங்கிக்கொள்வதாகத் தோப்புக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பீட்டர் வீட்டுக்கு வந்தான். ஷர்லியிடம்… அதற்கு முன்பே ஷர்லியிடம்…

3

இங்கே நின்றுபோனேன். மனைவி எட்டிப் பார்த்து இதுவரை படித்தாள். தென்னைமரத்துக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஷர்லி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்றாள். அவள் என்ன பேசுவாள் என்று தெரியவில்லை என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"நான் சொல்றேன், எழுதிக்கங்க," என்றாள். எழுதினேன்.

"தொட்டுப் பாக்குற மாதிரி எனக்கும் இருந்துச்சுங்க. எங்கம்மா போட்ட வளையல், ஆரம்.* ஒங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் பாதி போச்சு, வீடு பூச மீதி போச்சு. இந்தப் பி.எஃப். மட்டுந்தான் யாரும் தொட முடியாமக் கெடந்துச்சு. அதனாலதான் இன்னும் எங்கிட்ட இருக்கு."

(* ஆரம் ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.)

ஆனாலும் விடவில்லை, தோப்பை உன் பெயரிலேயே வாங்கலாம் என்று பீட்டரைச் சொல்ல வைத்தேன்.

அவள் லேசாகச் சிரித்தாள். "வளையலும் எங் கையிலதான் கெடந்துச்சு."

4

முடிவு அ: தோப்பை வாங்குகிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு ஆ: பணம் கணக்கிலேயே இருக்கிறது, பீட்டருக்கு வேலை கிடைக்கவில்லை, விலைவாசி… (விலைவாசி வரை எழுதியதும் அடித்துவிட்டேன்.)

பி.எஃப். பணம் எடுக்கும் விண்ணப்பத்தை நான்தான் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். சற்று முன் அவள் போனுக்கு ஓடிபி வந்திருக்கிறது. அந்த எண்ணைப் போட்டால் விண்ணப்பம் போய்விடும். போன் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் இருக்கிறது. ஷர்லி என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்கிறாள் மனைவி.

நான் எழுத மாட்டேன். எழுதினால், இன்னொரு முறை அவளைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தவன் ஆவேன். முடிவு வேண்டுமென்றால், உங்கள் வீட்டில் அந்த எண் யார் போனுக்கு வருமோ அவரைக் கேளுங்கள். நான் பேனாவை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டேன். அவள் எழுதத் தொடங்குகிறாள்:

ஷர்லி போனைக் கையில் எடுத்து…