துரை தலையை உலுக்கினால்

1.

இந்தக் கதை என் மனத்தில் பிறக்கவில்லை, வயிற்றில் பிறந்தது. தீபாவளியன்று ஆட்டுக்கறிக் குழம்பை மறுபடியும் ஊற்றிக்கொள்ளும்போது, 'இந்த ஆட்டுக்கு யாராவது பெயர் வைத்திருப்பார்களோ?' என்று ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. கையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தேன். (குழம்பை முடித்துவிட்டுத்தான்.)

2.

முதல் தொடக்கம்: 'பெக்கோக்கின் ரப்பர் மரங்களுக்கிடையே கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி...'

வேண்டாம். கதிரவனுக்கு இங்கே வேலையில்லை.

மறுபடி: 1932. பெக்கோக் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பாலுக்கு மரம் சீவும் ராசம்மா ஒரு கிடா வளர்த்தாள். தாயில்லாத குட்டி, டின் பால் கரைத்துப் புகட்டியது. நிறம் வெள்ளை, நடை மிடுக்கு, அதனால் பெயர் துரை. தீபாவளிக்கு முதல்நாள் அவள் அண்ணன் காளியப்பன் மெர்சிங்கிலிருந்து ஒரு மூட்டைக் கருவாட்டோடும் குடும்பத்தோடும் வந்து இறங்கினான். தங்கையை நலம் விசாரிப்பதற்குள் துரையின் தொடையைத் தடவிப் பார்த்தான்.

3.

"நாளைக்கு இதானே மச்சான்?"

ராசம்மாவின் கணவன் அய்யாவு நல்லவன். (முதுகெலும்பு வைக்க மறந்துவிட்டேன், அடுத்த திருத்தத்தில் பார்த்துக்கொள்கிறேன்.) "ஒங்க இஷ்டம் மச்சான்" என்று கத்தியைத் தேடப் போனான்.

"அலமாக்! தொடாதீங்கண்ணே! அது முனியாண்டிக்கு நேந்துவிட்ட கிடா!"

ராசம்மா இப்படிச் சொல்வாள் என்று எனக்கே தெரியாது. பச்சைப் பொய். காளியப்பன் கையை வெடுக்கென்று இழுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மறுநாள் விருந்துக்கு அவன் கொண்டுவந்த கருவாட்டையே குழம்பு வைத்து அவனுக்குப் போட்டார்கள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கும். புறப்படும்போது அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"ஆடித் திருவிழாவுக்குத்தானே வெட்டு, தங்கச்சி? நாங்க எல்லாரும் வந்துர்றோம்லா."

4.

இங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். சாமிக்குக் கொடுத்த வாக்கை எப்படித் திரும்ப வாங்குவது? ஒரு புலியை வரவழைத்துத் துரையை... [ராசம்மா இதை முடிக்க விடவில்லை.] முனியாண்டியைச் சைவமாக்கிப் பார்த்தேன், தோட்டத்தில் ஒருவரும் நம்பவில்லை.

வழியை அவளே கண்டுபிடித்தாள். வெட்டுமுன் கிடாவின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையை உலுக்கினால்தான் சாமியின் உத்தரவு.* அதனால் தினமும் வேலைவிட்டு வந்ததும் துரைமேல் தண்ணீர் தெளித்தாள். அசையாமல் நின்றால் ஒரு துண்டு வெல்லம்.

"ஒனக்கென்ன பைத்தியமா?" என்றான் அய்யாவு.

"நீங்க அன்னிக்கே 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் இத நனைக்கிறேன்?"

* உலுக்காத கிடாவைச் சாமி வேண்டாமென்றதாக விட்டுவிடுவார்கள். எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு என்பது பூசாரியின் பசியைப் பொறுத்தது.

5.

ஆடித் திருவிழா. காளியப்பன் குடும்பம் வந்தாயிற்று, இந்த முறை கருவாடு இல்லாமல். துரையின் கழுத்தில் மாலை. பூசாரி தெளித்துவிட்டார். ஒரு சொட்டு காதோரம் இறங்கி நிற்கிறது. ராசம்மா துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். எனக்குத் தாங்கவில்லை.

நான் கறி தின்கிறவன். என் கையில் பேனா இருப்பது துரைக்கு நல்லதல்ல. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சொட்டு இன்னும் காதில்தான் நிற்கிறது. புத்தகத்தை அசைக்காமல், மெதுவாக மூடுங்கள்.