ஒன்பது நாள் தோட்டம்

ஓய்வுபெற்ற கண்டக்டரின் வீட்டுத் தோட்டத்தில், மகள் லீவில் வரும் ஒன்பது நாட்களுக்குள் ஒரு வருஷம் முழுவதும் நடந்து முடிந்துவிடும். மற்ற நாட்களில் அங்கே ஒரு மொக்கு விரிவதில்லை, ஓர் இலை உதிர்வதில்லை. மனைவி இறந்த பிறகு அவரும் மகளும் சேர்ந்து போட்ட தோட்டம் அது. மகள் நர்ஸ் படிப்பு முடித்துக் கப்பலில் வேலைக்குப் போன வருஷம், தண்ணீர் ஊற்றிக்கொண்டே செடிகளிடம், "கொஞ்சம் பொறுங்க, அவ வந்துரட்டும்" என்றார். பஸ்ஸில் முப்பது வருஷம் கத்தியும் யாரும் உள்ளே தள்ளி நின்றதில்லை. செடிகள் கேட்டுக்கொண்டன.

அவள் கேட்டைத் திறந்ததும் காம்பவுண்டுக்குள் மட்டும் மழை பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நாள் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று நிற்கும். மூன்றாம் நாள் பனி இறங்கும், சாமந்தி மஞ்சளாகும். ஐந்தாம் நாள் ஊதா நிறத்தில் டிசம்பர் பூ. ரோஜாவை விட்டுவிட்டு இதைப் போய் ஏன் பிடிக்கிறது என்று சின்ன வயதில் அவளைக் கேட்டபோது, "வாசனை இல்லாத பூவுக்கும் ஒரு ஆள் வேணும்லப்பா" என்றிருந்தாள். அந்த ஐந்தாம் நாள் இருவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைப் பற்றியே பேசுவார்கள். எட்டாம் நாள் வெயில் கொளுத்தும், மல்லி தெருவுக்கே மணக்கும். ஒன்பதாம் நாள் அவள் பெட்டியைத் தூக்கியதும் எல்லாம் அப்படி அப்படியே நின்றுவிடும்.

கண்டக்டரும் நின்றுவிடுவார். அவருக்கு நகம் வளராது, முடி வளராது. சலூன்காரர் அவரைப் பார்த்து, "பொண்ணு எப்ப வருது?" என்று கேட்பது குசலம் விசாரிப்பதல்ல, தொழில். இதை மகள் கவனிக்க ஆறு வருஷம் பிடித்தது. ஒரு லீவில் மூன்றாம் நாள் பார்த்த பிரஷர் வேறு, ஏழாம் நாள் பார்த்தது வேறு. தான் வந்தால்தான் அப்பாவுக்கு வயதாகிறது என்று புரிந்ததும் அவள் வருவதை நிறுத்தினாள். லீவு கிடைக்கவில்லை என்று மூன்று வருஷம் பொய் சொன்னாள். அப்பா அறுபத்தாறிலேயே இருந்தார். மல்லி மொக்கு பச்சையாகவே இருந்தது.

கடைசியில் அவரே போன் செய்தார். "பரண்ல போட்டு வெச்ச பாத்திரம் மாதிரி இருக்கேம்மா. தேயாமத்தான் இருக்கேன். யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"நான் வந்தா உங்களுக்கு வயசாகுதுப்பா."

"ஆகட்டுமே. டிசம்பர் பூவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

அவள் வந்தாள். நின்றுபோன மூன்று வருஷமும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஒன்பது நாளுக்குள் வந்தன. மூன்று மழை, மூன்று பனி, மூன்று கோடை. அவருடைய மீசை அவள் கண் முன்னாலேயே வெளுத்தது. அவள் மணிக்கொரு முறை நாடி பிடித்தாள். அவர் கையை உதறிக்கொண்டு, "பூவைப் பாரும்மா, என்னை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அதன் பிறகு அவள் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. தான் இல்லாதபோது அப்பா போய்விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கடலில் நிம்மதியாகத் தூங்கினாள். தெருவில் மற்ற பிள்ளைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

எண்பத்திரண்டாம் வயதில், ஒரு லீவின் ஆறாம் நாள் காலையில், பின்வாசல் படியில் அவள் தோளில் சாய்ந்தபடி அவர் இறந்தார். மிச்சமிருந்த மூன்று நாளில் பூக்க வேண்டியவை பூத்தன. அவள் இருந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கப்பலுக்குத் திரும்பினாள்.

வீட்டில் இப்போது ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கிறது. அவர்களுக்கு வயது எல்லோரையும் போலத்தான் ஏறுகிறது. தோட்டம் மட்டும் நர்ஸ் வரும்வரை காத்திருக்கிறது. முதல் தடவை அவள் வந்து இறங்கி, மழை கொட்ட ஆரம்பித்தபோது, வாத்தியார் மனைவி ஈரத்துணியோடு திகைத்து நின்றாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "மழைக்காலம் நாளையோட முடிஞ்சிரும். துணியை வியாழக்கிழமை காயப்போடுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.