சிவப்பு வண்டியின் இரண்டாவது கம்ப்யூட்டர்

சுங்குவார்சத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்த ஜெபகுமாரின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சோதனை உண்டு. லாரியாகட்டும் அம்பாசிடராகட்டும், வேலை முடிந்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிடுவான். நிற்காமல் ஓடினால் சார்ஜ் ஆகிறது, ஒயரிங் சுத்தம். நின்றுபோனால் ஒயரிங்கில் கோளாறு. இதைப் பார்க்க டீக்கடைக்காரர்கள்கூடக் கிளாஸும் கையுமாக எழுந்து வருவார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் ஜெபகுமாருக்குக் கேட்க வேண்டுமா? ஸ்பேனரைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஒயரில் கை வைப்பான்.

ஒயரிங் வேலை தாண்டவராயனுடையது. இருவரும் ஒரே கொட்டகையில் பல வருஷக் கூட்டு. அவன் ஒட்டிய ஜாயின்ட் விட்டுப்போனதாக எந்த லாரி டிரைவரும் திரும்பி வந்ததில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்தச் சிவப்பு வண்டி வந்தது. ஜப்பான்காரன் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கீழ்ப்பாக்கத்தில் டைல்ஸ் வியாபாரம் செய்யும் இராமச்சந்திரன் அதைக் கப்பலில் வரவழைத்திருந்தார். பக்கத்தில் பந்தயத் திடல் வந்ததிலிருந்து மனுஷருக்குப் பந்தயப் பித்து. கூடுதலாக இரண்டு விளக்கு மாட்டச் சொன்னார். தாண்டவராயன் மாட்டினான். ஜெபகுமார் வழக்கப்படி என்ஜினை ஓடவிட்டு ஒயரைப் பிடுங்கினான். வண்டி பொசுக்கென்று நின்றது.

"சார்ஜ் வரல சார். ஒயரிங்ல எங்கியோ கோளாறு கீது" என்றான். மனதறிந்து சொன்ன பொய் இல்லை. சோதனை அப்படித்தானே சொல்கிறது?

மெட்ராஸில் யாரோ வண்டியைப் பிரித்துப் பார்த்து, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரே கருகிப்போய்விட்டது என்றார்கள். இராமச்சந்திரன் நேரே வந்து, ரோட்டோரம் அத்தனை பேர் எதிரில் தாண்டவராயனைக் கிழிகிழியென்று கிழித்தார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். தாண்டவராயன் தான் போட்ட ஒயரை நினைத்து நினைத்துப் பார்த்தான். எங்கே தப்பு என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. அதுதான் அவனை ஒடித்துப்போட்டது. வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் அவன் பெண்சாதி பாஞ்சாலி தேங்காய்க் கடை வைத்திருந்தாள். அங்கே போய் உட்கார்ந்துவிட்டான்.

சில மாதம் கழித்து, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் துணிமணிக்கு நடுவே சுற்றிப் புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். டிபன் பாக்ஸ் அளவுள்ள அந்த வெள்ளிப் பெட்டியை இராமச்சந்திரன் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

"நீ மட்டும் தொடு ஜெபகுமார். அந்த ஆளு நெழலே இதுமேல படக்கூடாது. ஞாயித்துக்கெழமை ரேஸ்."

ஜெபகுமார் தலையாட்டினான். ஆனால் அவனுக்குள் வேறு கணக்கு ஓடியது. கூட்டாளி இல்லாத கொட்டகை அவனுக்குப் பிடிக்கவில்லை. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை. வண்டியின் ஒயரிங் முழுவதையும் ஒருமுறை தடவிப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒன்றையும் மாற்றாமல் அப்படியே விட்டான். இதே ஒயரிங்கில் வண்டி ஓடினால் இராமச்சந்திரன் வாயாலேயே தாண்டவராயன் மேல் தப்பில்லை என்று சொல்லவைத்து, அவனைக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும்.

சீட்டுக்கு அடியில் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான். இராமச்சந்திரன் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு டீக்கடை மொத்தமும் எழுந்து வந்தது.

"மீட்டர்ல முள்ளு நல்லா ஏறி நிக்குதுப்பா. சார்ஜ் ஆவுது" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

அதோடு விட்டிருக்கலாம். கூட்டாளியின் பேரை நாலு பேர் எதிரில் கழுவித் துடைக்காமல் ஜெபகுமாருக்கு ஆறவில்லை.

"இது தாண்டவராயன் போட்ட ஒயரிங்கு சார். நான் ஒண்ணுத்தையும் மாத்தல. எவ்ளோ சுத்தம்னு கண்ணால பாருங்க" என்று சொல்லி, ஸ்பேனரை ஒரு சுற்றுச் சுற்றி, பேட்டரி ஒயரைப் பிடுங்கினான்.

ஹெட்லைட் இரண்டும் ஒரு கணம் வெள்ளை வெளேரென்று எரிந்து அணைந்தன. என்ஜின் நின்றது. சீட்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை வந்தது.

ஜெபகுமாருக்கு அப்போதுதான் உறைத்தது. சார்ஜ் வந்துகொண்டுதான் இருந்தது, முள் காட்டியது. ஒயரிங்கில் குற்றமில்லை. அன்றைக்கும் நல்ல வண்டியைக் கொன்றது இந்தக் கைதான். ஒயரைப் பிடுங்கியதும் பேட்டரிக்குள் போக வழியில்லாத கரண்ட் ஒரேயடியாக எகிறியிருக்கிறது; லாரியும் அம்பாசிடரும் தாங்கிய அந்த அடியை இந்தப் பெட்டி தாங்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான்.

"நான் ஒயரப் புடுங்கினதாலதான் சார். அன்னிக்கும் நான்தான்."

இராமச்சந்திரன் அவனையும் ஸ்பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஜெபகுமார் வல்லக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். தாண்டவராயன் தேங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தான். ஜெபகுமார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"ரெண்டாவது பொட்டியும் பூட்ச்சா?" என்று மட்டும் கேட்டான் தாண்டவராயன்.

"பூட்ச்சு. நான்தாம்பா காரணம்."

"ஒயரு?"

"நீ போட்டதுதான். ஒரு இன்ச்சுகூட மாத்தல."

தாண்டவராயன் மெதுவாகத் தலையாட்டினான். "அப்பறம் இன்னாத்துக்குப்பா உன்மேல போட்டுக்கறே? பொட்டி புதுசு. ஒயரு என்னுது. ரெண்டு பொட்டியத் தின்னுட்ச்சி. எனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் இன்னியோட தீந்துச்சி."

"தாண்டவா, முள்ளு நல்லா நின்னுச்சுடா! நான் புடுங்குனப்புறம்தான்..."

"காலம்பூரா புடுங்கிக்கினுதான கீறே? ஒரு வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சா?"

ஜெபகுமாருக்குப் பதில் தெரியும். அதை எப்படிக் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. காட்டுவதற்கு மூன்றாவது பெட்டி எங்கே இருக்கிறது?

"நாளைக்கி நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வா. உன் கால்ல வேணாலும் வுழறேன்."

"வாணாம்பா. உன் பேரும் கெட்டுப்பூடும்." தாண்டவராயனுக்குக் கண் கலங்கியது. திரும்பி, பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்சாதியைக் கூப்பிட்டான். "பாத்தியா பாஞ்சாலி? ஊரே காறித் துப்புது. எனுக்காவ இவன் ஒருத்தன் பொய் சொல்றான் பாரு."

பாஞ்சாலி எழுந்து வந்து, ஜெபகுமாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.