கிதார் வளைந்த இடம்

ஷர்லி வாசல் நிலையின் இருபுறமும் கைகளை ஊன்றி வழியை மறித்து நின்றாள். மாலையும் கையுமாக எதிரே நின்றவர் அவள் அப்பா அருள்தாஸ். அவள் கல்யாணத்துக்குப் பிறகு கறம்பக்குடியில் இந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

செத்துப்போன அவள் புருஷன் வெற்றிசெல்வனின் அண்ணன் மலையாண்டி பந்தலிலிருந்து எழுந்து வந்தார்.

"உள்ள விடு ஆத்தா. சாவு வீட்டுக்கு வந்தவங்கள மறிக்கக் கூடாது."

அவர் சொன்னதற்காகத்தான் கையை எடுத்தாள்.

வெற்றிசெல்வன் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். ஷர்லியைப் பார்ப்பதற்கு முன்பே அவள் அப்பாவின் கிதாரைக் கேட்டவன். கீரமங்கலத்தில் மாதா கோயிலுக்காக அருள்தாஸ் இளவயதில் பதிவுசெய்த, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலப் பாட்டு ஒன்றில், சரணத்துக்கு முன்னால் கிதார் மட்டும் தனியாக வரும். ஓரிடத்தில் சுருதி மெல்ல மேலே வளைந்து, விம்மி, பழைய இடத்துக்கே இறங்கும். அதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பது அவனுக்குத் தீராத கேள்வி. பழைய கிதார் ஒன்று வாங்கிக் கம்பியை இழுத்துப் பார்த்தான். எவர்சில்வர் டம்ளரால் உரசிப் பார்த்தான். கம்பிக்கு அடியில் காகிதம் செருகினான். எதிலும் வரவில்லை. வாசிப்பில் இல்லை, டேப்பில்தான் ஏதோ செய்திருக்கிறார்கள் என்கிற வரைக்கும் வந்துவிட்டான்.

வாசித்தவரிடமே கேட்போம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வாங்கிக்கொண்டு கீரமங்கலம் போவான். சாதி விட்டுக் கட்டியவன் என்று அருள்தாஸ் கதவைத் திறந்ததே இல்லை. போன தடவை ஜன்னல் வழியாக, "தெரியாது, போ" என்றாராம். திரும்பி வந்து, "மாமா பேசிட்டாரு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் ஷர்லிக்கு உடம்பு பற்றி எரிந்தது. நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து தண்ணீர் கேட்டவன், அவள் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே சரிந்துவிட்டான்.

அருள்தாஸ் மாலையை ஐஸ் பெட்டிமேல் வைத்துவிட்டு, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றார். அவளைப் பார்க்காமலே தொடங்கினார்.

"அந்தப் பாட்டுல..."

"எங்கிட்ட சொல்லாதீங்க. நான் கேக்கல. கேட்டவரு இந்தா படுத்திருக்காரு."

அருள்தாஸ் குனிந்தார். உள்ளே தெரிந்த முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"எல்லாம் ஒங்க அத்தை பண்ணுனது, மாப்ள. நான் வாசிக்கிறப்ப, டேப் சுத்துற ரீலை அவதான் வெரலால லேசா அமுக்கி அமுக்கி விட்டா. பதியிறப்ப டேப் மெதுவா ஓடுனா, கேக்குறப்ப சுருதி மேல ஏறும். வேற ஒண்ணுமில்ல."

ஷர்லி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோன அம்மா. இத்தனை வருஷமாக வெற்றிசெல்வன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது அம்மாவின் விரலை.

"இம்புட்டுதானா? இத ஜன்னல்ல நின்னே சொல்லியிருக்கலாமுல்ல?"

அருள்தாஸ் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சொல்லிட்டா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு எதுக்கு வருவாரு?"

அவள் கை தன்னால் ஓங்கியது. மலையாண்டி பதறிக் குறுக்கே வந்தார். அவளே கையை இறக்கிக்கொண்டாள்.

"வந்தவருக்குக் கதவத் தொறந்தீங்களா?"

வெளியே வண்டி வந்து நின்றது. தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். அருள்தாஸ் விலகி வாசலுக்குப் போனார்.

பெட்டியின் கண்ணாடியில் படர்ந்திருந்த பனிநீரில் அவர் உள்ளங்கை ஐந்து விரலோடும் அப்படியே பதிந்திருந்தது. ஷர்லி சேலைத் தலைப்பைச் சுருட்டி, அது போகும்வரை அழுத்தித் துடைத்தாள்.