நாற்பது வெள்ளைக்காரரும் ஓர் அழுகை விண்ணும்

அருளம்பலம் சொல்வதைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, மிஞ்சியதை நாய்க்குப் போட்டால் நாயும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று வல்வெட்டித்துறையில் ஒரு பேச்சு இருந்தது. அவன் பிடித்த சுறாவின் தலை வள்ளத்தில் இருக்கும்போது வால் காங்கேசன்துறையில் கிடந்து அடிக்கும். அவ்வளவையும் ஒரு சொல் விடாமல் நம்பியவள் ஊரிலே ஒருத்திதான். அவன் மனைவி இராசமலர். அதுதான் வில்லங்கமாகப் போயிற்று.

எழுபதுகளின் நடுவில் அருளம்பலம் ஒரு சின்ன வெள்ளைக் கப்பலில் வேலைக்கு ஏறினான். அது தீவு தீவாகப் போய்ப் பறவை பார்க்கும் பணக்கார வெள்ளைக்காரக் கிழவர் கிழவிகள் நாற்பது பேரைச் சுமந்து திரிகிற கப்பல். நங்கூரம் இறக்குவதும், அவர்களை இறப்பர் வள்ளத்தில் கரைக்குக் கொண்டுபோய் அலை பார்த்துக் கைபிடித்து இறக்குவதும் அவன் வேலை. மாலைதீவில் ஒரு சீமாட்டி கால் வைத்தபோது தீவே ஒரு பக்கம் சரிந்து, மறுகரையில் இவ்வளவு காலமும் வளைந்து நின்ற தென்னைகள் எல்லாம் நிமிர்ந்தன. நெடுந்தீவுக் குதிரைகள் அவர்களின் தொப்பிகளைக் கண்டு மிரண்டு கடலில் பாய்ந்தவை, இராமேஸ்வரத்தில்தான் போய் மூச்சு விட்டன.

ஆனால் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? கப்டன் நோர்வேக்காரன். சமையற்காரன் கோவாக்காரன். இயந்திர அறையில் இருந்தவர்கள் எந்த நாட்டவர் என்று அவர்களுக்கே தெரியாது. தமிழ் தெரிந்த ஒரு நுளம்புகூடக் கப்பலில் இல்லை. அவனுடைய இங்கிலிசு முழுவதும் ஒரு சிரட்டைக்குள் அடங்கும், அதிலும் பாதி "கவனம், மெதுவாக" என்கிற சொற்கள். அந்தச் சிரட்டையை வைத்துக்கொண்டு எப்படி அளப்பது? கடைசியில் அவன் நங்கூரத்தோடு கதைக்கத் தொடங்கினான்.

"இறங்கு மச்சான், மெல்ல இறங்கு. கீழை ஆரையும் கண்டால் சுகம் விசாரிச்சுக்கொண்டு வா."

நங்கூரம் மறுமொழி சொல்லாது. என்றாலும் குறுக்கே பேசாது.

மார்கழியில் கொழும்புத் துறைமுகத்தில் ஊர்க்காரன் தம்பிராசாவைக் கண்டபோது, மாதக்கணக்காகத் தேக்கிவைத்த தமிழ் அணை உடைந்து பாய்ந்தது.

"தம்பிராசா! ஊருக்கே போறாய்? இராசமலரிட்டைச் சொல்லு, பொங்கலண்டைக்குக் கப்பல் எங்கடை கரைக்கு வருகுது. நாப்பது வெள்ளையளையும் வீட்டை கூட்டிக்கொண்டு வாறன். எல்லாருக்கும் சேத்துப் பொங்கச் சொல்லு."

"அண்ணை, போனமுறை திமிங்கிலத்திலை ஏறி வாறன் எண்டனீங்கள். பிறகு பஸ்ஸிலைதானே வந்து இறங்கினனீங்கள்."

"உது பகிடி. இது உண்மையடா. கப்டன்ரை வாயாலை கேட்டனான்."

"ஓம், ஓம். சொல்லிவிடுறன். ஆனா அவ நம்பிப் பொங்குவா. நீங்கள் வராட்டி அந்த மனுசி பிறகு கிணத்தடிக்கும் போகேலாது. சனம் சிரிச்சே கொண்டுபோடும்."

பொங்கல் காலையில் கப்பல் சொன்னபடி வல்வெட்டித்துறைக்கு வெளியே வந்து நின்றது. கடல்தான் சொல் கேட்கவில்லை. வாடைக்காற்று அலைகளைப் பனை உயரத்துக்குக் கிளப்பிக் கல்லில் அடித்தது. கப்டன் ஒரு தரம் பார்த்தான்.

"வள்ளம் இறங்காது, அருள். மத்தியானம் நங்கூரம் தூக்கு. அந்தமானுக்குப் போகிறோம்."

அருளம்பலம் சிரட்டையைக் கவிழ்த்துக் கொட்டினான். "மை வைஃப். ரைஸ். போர்ட்டி பீப்பிள்." நீந்தியாவது போகிறேன் என்று கையால் நீந்திக் காட்டினான். கப்டன் அவன் தோளில் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

பின்தளத்தில் நின்று பார்த்தால் கோயில் தெரிந்தது. கரைக்கு மேலே ஊர்ப் பட்டங்கள் நூற்றுக்கணக்கில் ஏறி நின்றன. அந்த வானத்தின் கீழே எங்கேயோ தன் முற்றத்தில் ஊரிலே பெரிய பானையை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு இராசமலர் நிற்பாள். சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். வெளியே ஒரு கப்பல் நிற்கிறது என்று அவள் காட்டினால், "போற வாற கப்பலெல்லாம் உன்ரை புருசன்ரையோ?" என்று கேட்பார்கள். அவளால் என்ன சொல்ல முடியும்?

அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் கிடந்த பட்டம் நினைவுக்கு வந்தது.

நத்தார் பண்டிகை அலங்காரத்தில் மிஞ்சிய தாளிலும் கப்டனின் உடைந்த தூண்டில் தடியிலும் அவன் தனிமைக்குக் கட்டியது. ஊரில் இறங்கி ஏற்றலாம் என்று வைத்திருந்தான். பட்டத்தின் தலையில் விண் பூட்டியிருந்தான். விண் என்பது ஒரு சின்ன வில், காற்றுப் பட்டால் அதன் நார் கூவும். வல்வெட்டித்துறையில் ஆளுக்கு ஒரு கூவல். அருளம்பலம் கட்டுகிற விண் மட்டும் எத்தனை முறை கட்டினாலும் இடையில் இரண்டு விம்மல் விம்மும். அழுகை விண் என்று அதற்குப் பெயர். கலியாணமான புதிதில் இரவில் பட்டத்தை ஏற்றி நூலைப் பனையில் கட்டிவிட்டு வந்து படுத்தால், "இஞ்சாருங்கோ, உதை இறக்குங்கோ. செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்பாள் இராசமலர். அடுத்த வருடம் அது இல்லாமல் அவளுக்கு நித்திரை வரவில்லை.

காற்று கடலில் இருந்து கரைக்கு வீசியது. பட்டம் கையை விட்டு ஊரை நோக்கிப் பாய்ந்தது. வெள்ளைக்காரரின் பெரிய மீன் தூண்டில் நூல் முழுவதையும் ஒன்றோடொன்று முடிந்து விட்டான். இலங்கையைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு மிச்சத்தில் உடுப்புக் காயப்போடக் காணும், அவ்வளவு நூல். பட்டம் சிறுத்துச் சிறுத்து ஊர்ப் பட்டங்களுக்குள்ளே போய்க் கலந்தது. கூவல் அவனுக்குக் கேட்கவில்லை. அங்கே கேட்டிருக்குமா?

நங்கூரம் தூக்கச் சொல்லிக் கப்டன் மணி அடித்தான். பட்டத்தை அவள் கையில் கொடுக்க ஒரே வழிதான் இருந்தது. அவன் நூலைத் தொய்யவிட்டான். பட்டம் தலை சாய்ந்து கிறுகிறுத்துப் பனைகளுக்குப் பின்னால் விழுந்தது.

பிறகு ஒன்றும் இல்லை. நூல் செத்த பாம்புபோல் அலையில் கிடந்தது. அவன் தொய்வை மெல்ல இழுத்து, விரலில் சுற்றிப் பிடித்தபடி நின்றான். பின்னால் கிழவர்கள் ஒரு கடற்பறவையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விரல் வெடுக்கென்று இழுபட்டது. ஒரு தரம். இன்னொரு தரம்.

ஊரில் அவன் பட்டம் ஏற்றும்போதெல்லாம், மணலில் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு இராசமலர் நெடுந்தூரம் போவாள். சத்தம் எட்டாத தூரம். அங்கே நின்று நூலை இரண்டு தரம் சுண்டுவாள். நான் பிடிச்சிருக்கிறன் என்று அர்த்தம். ஊரில் வேறு யாரும் அப்படிச் சுண்டுவதில்லை. மற்றவர்களின் பட்டத்தை மனைவிமார் தொடுவதே இல்லை.

அவனும் இரண்டு தரம் சுண்டினான். கப்டன் கத்தினான். அருளம்பலம் நூலைப் பின்தளக் கம்பியில் கட்டிவிட்டு முன்னால் ஓடி நங்கூரத்தைத் தூக்கினான். அந்தச் சின்ன நேரம் ஒரு கப்பல் முழுவதும், கப்டனும் கிழவிகளும் தேநீர்க் கோப்பைகளும் சேர்ந்து, இராசமலரின் கையில் கட்டுண்டு நின்றது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவன் திரும்பி ஓடி வந்தபோது கப்பல் அசைந்திருந்தது. நூல் விறைத்துப் பாடியது. அப்படியே இருந்தால் அறுந்துவிடும், அவள் கையையும் வெட்டும். அவன் முடிச்சை அவிழ்த்துவிட்டான். நூல் நுனி தண்ணீரில் விழுந்து, அலைகளுக்கு மேலால் கரையை நோக்கி மெல்ல மெல்லப் போயிற்று. அவள் சுற்றி எடுக்கிறாள்.

"மை வைஃப்," என்றான் பக்கத்தில் நின்ற கிழவியிடம், கடலைக் காட்டி. கிழவி பறவைக் கண்ணாடியை வைத்து வெகுநேரம் தேடிவிட்டு, பாவமாக அவனைப் பார்த்தாள்.

ஊர் மறைந்ததும் அவன் முன்தளத்துக்குப் போய்ச் சேறு காயாத நங்கூரத்தின் பக்கத்தில் குந்தினான்.

"கேள் மச்சான். இண்டைக்கு என்ரை மனுசி என்னோடை கதைச்சவள்."

அலையின் உயரம், நூலின் நீளம் ஒன்றையும் அவன் கூட்டவில்லை. எத்தனை தரம் சுண்டினாள் என்று வந்தபோது வாய் தானாக ஏழு, எட்டு என்று எழும்பியது. அவன் அதை விழுங்கினான்.

"ரெண்டு தரம்," என்றான். "ரெண்டே ரெண்டு தரம்."