கண்ணாடிக்காரியின் கடைசி அட்டை

பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்காரிக்குத் தலைவலி வந்தால் மாடிப்படிக்கே தெரிந்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வலி வந்துவிட்டால் கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள்.

ஆளாளுக்கு மாத்திரை கொடுத்தோம். மேல்மாடி டீச்சர் பச்சை அட்டை, கீழ்வீட்டுத் தையல்காரர் வெள்ளை அட்டை. நான் மட்டும் சும்மா இருப்பேனா? என் முட்டிவலி மாத்திரையையே தாரை வார்த்தேன். எப்போதாவது ஒன்று என்று ஆரம்பித்தவள், மிட்டாய் மாதிரி தினமும் விழுங்கினாள்.

கடைசியில் காட்டப் போன பெரிய டாக்டர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முகத்திலிருந்தும் மூளையைச் சுற்றிய உறையிலிருந்தும் வலியைக் கொண்டுபோகிற நரம்பு, மாத்திரைக்குப் பழகிப் பழகி இன்னும் ரோஷக்காரனாகிவிட்டதாம். ஒன்றுமில்லாததற்கும் வலியைக் கிளப்புகிறதாம். எல்லாவற்றையும் நிறுத்தணும். நிறுத்தினால் முதலில் வலி ஏறும், அப்புறம்தான் இறங்கும்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஓடுவதில்லை, அது வேறு கதை. அவன் எனக்கு விளக்கினான்.

"கதவு சென்சார் கெட்டுட்டா, யாருமே நிக்காட்டியும் ஆள் நிக்கிறதாவே நினைச்சுக் கதவை மூட விடாதுக்கா. இவ தலையும் அப்படித்தான்."

"அப்போ வலி பொய்யா?"

"கதவு மூடலியே, அது நிஜம்தானே?"

கடை முதலாளி கொஞ்ச நாள் லீவு கொடுத்திருந்தார். அதற்குள் தேறாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள். "நான் காலில விழுந்தாலும் குடுக்காத" என்று கடைசி அட்டையை அவளே புருஷனிடம் ஒப்படைத்தாள். தூக்கிப் போட அவனுக்குத் தைரியமில்லை.

அந்த வாரமே காலில் விழுந்தாள். எனக்கு எல்லாம் கேட்டது. சுவரில் காதை வைத்தால் கேட்கத்தானே செய்யும்? முதலில் வாந்தி. அப்புறம் "ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சல். அப்புறம், "முடி பட்டாலே வலிக்குது, வெட்டி எறிஞ்சிடு." கடைசியில், "நான் சாகிறதைப் பார்க்கத்தான் உக்காந்திருக்கியா?"

அவன் பேயறைந்த முகத்தோடு வெளியே வந்து அட்டையை என் கையில் திணித்தான். "வச்சுக்கங்கக்கா. என்கிட்ட இருந்தா குடுத்துடுவேன்."

யார் கையில் கொடுக்கிறான் பாருங்கள்! என்னிடம் எந்த விஷயம் தங்கியிருக்கிறது? அவன் உள்ளே போவதற்குள் டீச்சரிடம் சொல்லியாயிற்று. டீச்சர் வாய் என் வாய்க்கே அக்கா. அவளை நலம் விசாரிக்கப் போன இடத்தில் அதையும் சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் அவள் என் வாசலில் நின்றாள். ஒரு கண் திறக்கவில்லை. நைட்டியெல்லாம் வாந்திக் கறை.

"அக்கா, உங்ககிட்டதான் இருக்காமே."

அட்டை என் இடுப்பில் இருந்தது. "டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன்டி" என்றேன். குரல் பிசிறவில்லை, எனக்கே ஆச்சரியம்.

"நீ நல்லா இருப்பியா?" என்றாள். அதுவரை என்னை நீ என்று சொன்னதில்லை. பிறகு கால் மடங்கி என் வீட்டுத் தரையிலேயே விழுந்து, நெற்றியைச் சில்லென்ற டைல்ஸில் அழுத்திக்கொண்டாள்.

"லைட்டை அணை."

அணைத்தேன். இருட்டில் அவள் முனகிக்கொண்டே கிடந்தாள். மூச்சு விட்டால் அட்டை சரசரக்குமோ என்று நான் அசையாமல் நின்றேன்.