மாப்பிள்ளை எடுத்த வலை

மருமகன் வலை வாங்கியதில் குழந்தைவேலுவுக்குச் சந்தேகம் வரவில்லை. எந்தெந்த வலையை வேண்டாமென்று ஒதுக்கினான் என்பதில்தான் வந்தது.

காரைக்குடியில் ஞானசம்பந்தத்தின் வலைக்கடை. நியூசிலாந்திலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்த சரவணக்குமார், தூண்டிலில் மாட்டிய மீனைத் தண்ணீரிலிருந்து கோரி எடுக்க ஒரு கைவலை வேண்டுமென்று மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அடுத்த வாரம் கொடைக்கானல் போகிறானாம். அங்கே இறகுத் தூண்டில் போடுவானாம். புழுவும் கிடையாது, மாவும் கிடையாது. இறகை ஈ மாதிரிக் கட்டித் தண்ணீர்மேல் ஆடவிட்டு மீனை ஏமாற்றுகிற வித்தை அது.

ஞானசம்பந்தம் நான்கு வலைகளை எடுத்துப் போட்டார். முதலாவது கெட்டி முடிச்சுப் போட்ட நைலான். பத்துக் கிலோ கட்லா விழுந்தாலும் தாங்கும். சரவணக்குமார் முடிச்சை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒதுக்கினான். அடுத்ததில் பை ரொம்ப ஆழம் என்றான். மூன்றாவதில் கைப்பிடி ரொம்ப நீளம் என்றான். கடைசியில் ஒரு ரப்பர் வலை. யாரோ சொல்லி வரவழைத்துவிட்டு, வாங்க வராமலே போன வலை. கைப்பிடி ஒரு முழம்கூட இல்லை. பை தோசைக்கல் மாதிரித் தட்டை. அதைக் கையில் எடுத்ததும் சரவணக்குமாரின் முகம் மலர்ந்தது.

குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை. "நைலானை எடுங்க மாப்ள. செதிலு முடிச்சுல மாட்டிக்கிட்டா மீனு அசையாது."

"அதனாலதான் மாமா வேண்டாங்குறேன்."

வீடு வரும்வரை குழந்தைவேலு காரில் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார். அறுபது வருஷமாகக் கண்மாயோடு புழங்கிய மனிதர் அவர். வலையைப் பார்த்தால் அதைப் பிடிக்கிறவனின் நினைப்பைச் சொல்லிவிடுவார். நைலானில் செதில் ஒட்டும், வாடை ஏறும். ரப்பரில் இரண்டும் நிற்காது, ஒரு முக்கு முக்கினால் போயே போச்சு. கைப்பிடி குட்டையானால் தோள்பைக்குள் மறையும். பை தட்டையானால் சட்டைக்குள்ளேயே போகும். இது மீன் பிடிக்கிறவன் வாங்குகிற வலை இல்லை. பிடித்ததை மறைக்கிறவன் வாங்குகிற வலை.

கொடைக்கானலில் யாரிடம் எதை மறைக்க வேண்டும்?

கோட்டையூரைத் தாண்டி இருக்கிற குழந்தைவேலுவின் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடித் திருவிழா. கண்மாய்க்குக் காப்புக் கட்டி இருபது நாள் ஆகியிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் ஒரு குஞ்சு மீனைக்கூட யாரும் எடுக்கக் கூடாது. திருவிழா அன்றைக்குக் காலையில் ஐயனார் முன்னால் நின்று, தண்ணீரில் யார் கையும் படவில்லை என்று சொல்லி வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊர் இறங்கும். அந்தத் துண்டு நான்கு தலைமுறையாகக் குழந்தைவேலு வீட்டில் இருக்கிறது. துண்டு வீசுகிற வீட்டு ஆளே கண்மாயில் கை வைத்தால், துண்டு பங்காளி மருது வீட்டுக்குப் போய்விடும். மருது அதற்காக இருபது வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் கதவு சத்தம் கேட்டது. ஏழு மணிக்குத் திரும்பி வந்த சரவணக்குமாரின் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எங்குட்டுப் போயிட்டு வாரீக மாப்ள?"

"சும்மா நடக்கப் போனேன் மாமா."

நடந்தால் முழங்கால் எப்படி நனையும் என்று மருமகனிடம் கேட்க முடியுமா? அவன் குளிக்கப் போனதும் குழந்தைவேலு கொல்லைக் கொடியில் தொங்கிய வலையை எடுத்து முகர்ந்தார். வாடை இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு செதில் இல்லை. அவர் நினைத்தது சரிதான் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். கத்திரிக்காயும் மோரும் இருந்தன. மகள் சத்தியப்பிரியா பின்னால் வந்து நின்று என்ன தேடுகிறார் என்று கேட்டாள். ஊறுகாய் என்றார். ஊறுகாய் மேசைமேல்தானே இருக்கிறது என்றவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. ஆக, இவளும் கூட்டு.

வெள்ளிக்கிழமை குழந்தைவேலு மருமகன் பின்னாலேயே கண்மாய்வரை போனார். கருவேல மரத்தின் மறைவில் குத்தவைத்து உட்கார்ந்தார். பெற்ற மகளின் புருஷனைத் திருடன்போல ஒளிந்து பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டார்.

சரவணக்குமார் மெல்லிய கழியைப் பின்னும் முன்னும் வீசினான். நூல் காற்றில் வளையம் போட்டது. இறகு விழுந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்தது. கொஞ்ச நேரப் போராட்டம். பிறகு குனிந்து, ரப்பர் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து மீனை வாங்கினான். முன்கை நீளத்துக்கு விரால். குழந்தைவேலு அவன் தோள்பையைப் பார்த்தார். இப்போது பைக்குள் போகும்.

போகவில்லை. சரவணக்குமார் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றினான், கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான், வலையைச் சாய்த்தான். விரால் போய்விட்டது.

சின்னது என்று விட்டிருப்பான் என்று நினைத்தார். அடுத்தது அதைவிடப் பெரிது. அதையும் விட்டான். எதிர்க்கரையில் கூட்டாளி எவனாவது நின்று பொறுக்குகிறானோ என்று எட்டிப் பார்த்தார். மூன்றாவதையும் விட்டபோது அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"என்ன மாப்ள, பிடிச்சதை விடுறீக?"

சரவணக்குமார் தூக்கிவாரிப்போடத் திரும்பினான். "விடுறதுக்குத்தான் மாமா பிடிக்கிறேன். கொடைக்கானல் போறதுக்கு முன்னாடி கை பழகணும்ல. மீனை எடுக்கக் கூடாதுன்னு பிரியா சொன்னா. நான் எடுக்கலையே."

பிறகு வலையைக் காட்டி விளக்கினான். நைலான் முடிச்சு உரசினால் மீன்மேல் இருக்கிற வழவழப்பு போய்விடும்; விட்டாலும் சீக்கு வந்து செத்துப்போகும். பை ஆழமாக இருந்தால் மீன் சுருண்டு துடுப்பு கிழியும். கைப்பிடி குட்டையாக இருந்தால்தான் ஆள் தண்ணீரோடு குனிவான், மீனை உயரத் தூக்க மாட்டான். அவர் திருட்டுக்கு என்று எண்ணி வைத்திருந்த ஒவ்வொன்றையும் அவன் மீனுக்கு என்று சொல்லிக்கொண்டே போனான்.

குழந்தைவேலுவுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. எதிர்க்கரையில் மருதுவின் மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்மாயைச் சுற்றி ஊத்தாவும் கச்சா வலையுமாக எண்ணூறு பேர் இறங்கக் காத்திருந்தார்கள். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் சேவுகப்பெருமாள் ஐயனாரைக் கும்பிட்டுத் துண்டை எடுத்து நீட்டினார். அப்போதுதான் மருது முன்னால் வந்து, வெள்ளிக்கிழமை தான் பார்த்ததைச் சொன்னான்.

அம்பலம் அந்த வலையைக் கொண்டுவரச் சொன்னார். நான்கு பேர் முகர்ந்தார்கள். விரித்துப் பார்த்தார்கள். செதிலும் இல்லை, வாடையும் இல்லை. இது மீனையே பார்க்காத புது வலை என்றார் அம்பலம். கூட்டத்தில் சிலர் மருதுவைப் பார்த்துச் சிரித்தார்கள். துண்டு குழந்தைவேலுவின் கைக்கு வந்தது.

வழக்கம்போலச் சொல்லிவிட்டு வீசியிருக்கலாம். எதிரே ஐயனாரின் முழிகள். கை படவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"மருது சொன்னது நிசந்தான். என் கண்ணால பார்த்தேன். மாப்ள பிடிச்சாரு, அத்தனையும் விட்டுட்டாரு."

மருதுதான் முதலில் வாயைத் திறந்தான். "கேட்டுக்கங்கப்பா. விராலைப் பிடிச்சு விட்டாராம். நம்ம ஊருல விராலைக் கையில வாங்கிட்டு விட்டவன் எவண்ணே இருக்கான்? ஒருத்தனைக் காட்டுங்க, நான் மீசையை எடுத்துடுறேன்."

சரவணக்குமார் கைப்பேசியை நீட்டினான். ரப்பர் வலைக்குள் விரால். வால் பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளைத் தழும்பு. அம்பலம் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொன்னார். விட்ட மீன் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் அந்தத் தழும்பு மீன் கிடைத்தால் துண்டு இந்த வீட்டில். கிடைக்காவிட்டால் மருது வீட்டில். இப்போது வீசு.

குழந்தைவேலு வீசினார். எண்ணூறு பேரும் ஒரே மூச்சாக இறங்கினார்கள்.

அவர் இறங்கவில்லை. கரையில் நின்று மருதுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது, விரால் விராலாக வந்தது. தழும்பு மட்டும் வரவில்லை. மருமகன் வேறெங்கோ எடுத்த படத்தைக் காட்டிவிட்டானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பதினொன்றரை மணி சுமாருக்கு மருதுவின் ஊத்தா அதிர்ந்தது. கைவிட்டு அளைந்தான். கை நின்றது. மெல்லத் தூக்கிப் பார்த்தான். கரையிலிருந்தே குழந்தைவேலுவுக்கு அந்த வெள்ளை தெரிந்தது. மருது வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். மீனை மறுபடி தண்ணீருக்குள் விட்டு, ஊத்தாவின் ஒரு பக்கத்தை முழங்காலால் லேசாகத் தூக்கி வழிவிட்டான்.

குழந்தைவேலு சலவை வேட்டியோடு சேற்றில் இறங்கினார். மருதுவின் காதுக்குப் பக்கத்தில் போய், வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"ஒருத்தனைக் காட்டச் சொன்னியேப்பா. காட்டட்டுமா?"

மருதுவின் கை தானாக மீசைக்குப் போனது. சேறு ஒட்டிக்கொண்டது. பிறகு கரையேறி அம்பலத்திடம் போனான்.

"அந்த மீனு இருக்கு. என் ஊத்தாவுக்குள்ள வந்துச்சு, தழும்பைப் பார்த்தேன். வழுக்கிருச்சு."

துண்டு குழந்தைவேலு வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் அம்பலம். வழுக்கியது எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் குழந்தைவேலு என்ன சொல்லியிருப்பாரோ, அவருக்கே தெரியாது. சேற்று வேட்டியோடு வந்து துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சத்தியப்பிரியா இந்தமுறை முகத்தைத் திருப்பாமலே சிரித்தாள்.

"கொடைக்கானலுக்கு என்னைக்குக் கிளம்புறீக மாப்ள?"

"செவ்வாய்க்கிழமை மாமா."

"நானும் வாரேன்," என்றார் குழந்தைவேலு. "அங்கிட்டும் எல்லாத்தையும் விடுறீகளான்னு பார்க்கணும்ல."